டாட் காமில் தப்பான முகவரியே இல்லாத 19 நாள்

2003 செப்டம்பர் 15, திங்கட்கிழமை. அன்றிலிருந்து டாட் காமிலும் டாட் நெட்டிலும் தப்பான முகவரி என்று ஒன்று இல்லாமல் போனது. கண்ணை மூடிக்கொண்டு விசைப்பலகையில் பத்து எழுத்தைத் தட்டி, கடைசியில் டாட் காம் சேர்த்தாலும் ஏதோ ஒரு பக்கம் திறந்தது. "நீங்கள் தேடியது கிடைக்கவில்லை, இதையா தேடினீர்கள்?" என்கிற மாதிரி ஒரு பக்கம், தேடுபெட்டி, கூடவே காசு வாங்கிக்கொண்டு போட்ட இணைப்புகள். அதன் பெயர் சைட் ஃபைண்டர். நடத்தியது வெரிசைன். உலகத்தில் உள்ள எல்லா டாட் காம், டாட் நெட் பெயர்களுக்கும் தலைமைப் பதிவேட்டை வைத்திருக்கும் அதே நிறுவனம்.

இந்தப் பழைய கதையை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், சமையல் குறிப்புத் தளம் நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "என் 404 பக்கத்துக்கு தினமும் நிறையப் பேர் வருகிறார்கள், சும்மாதானே கிடக்கிறது, அங்கே நாலு விளம்பரம் போட்டால் என்ன?" (தளத்தில் இல்லாத பக்கத்தைக் கேட்டால் வரும் பிழைப் பக்கம்தான் 404.) நியாயமான கேள்விதான். காலியாகக் கிடக்கும் சுவரைப் பார்த்தால் போஸ்டர் ஒட்டத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தச் சுவர் எதற்காகக் காலியாக இருக்கிறது என்று பார்க்காமல் ஒட்டியவர்களில் பெரிய கை வெரிசைன். அதனால் அவர் கேள்விக்கு அங்கிருந்துதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது. நீங்கள் பிரவுசரில் ஒரு பெயரைத் தட்டினால், அந்தப் பெயருக்கான ஐபி எண் (இணையத்தில் அந்தத் தளத்தின் எண் முகவரி) என்ன என்று உங்கள் கணினி டிஎன்எஸ்ஸிடம், அதாவது பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் அமைப்பிடம், கேட்கும். கேள்வி படிப்படியாக மேலே போய் டாட் காம் பதிவேட்டை எட்டும். பெயர் பதிவாகியிருந்தால் அதற்கான வழியைச் சொல்வார்கள், பதிவாகவில்லை என்றால் "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று பதில் வரும். இந்தப் பதிலுக்கு என்எக்ஸ் டொமைன் என்று பெயர். வெரிசைன் பதிவேட்டில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தது. வைல்டுகார்டு என்பார்கள், நட்சத்திரக் குறி. பட்டியலில் இல்லாத எந்தப் பெயரைக் கேட்டாலும் 64.94.110.11 என்ற எண்ணைக் கொடு, அவ்வளவுதான். அந்த எண்ணில்தான் சைட் ஃபைண்டர் உட்கார்ந்திருந்தது.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் போய் ஒரு சர்வே எண்ணைச் சொல்லி வில்லங்கம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி எண்ணே கிடையாது என்றால் கிடையாது என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. அதற்குப் பதிலாக, இல்லாத எந்த எண்ணைக் கேட்டாலும் வாசலில் மேசை போட்டிருக்கும் ரியல் எஸ்டேட் புரோக்கரிடம் அனுப்பிவைத்து, அந்தப் புரோக்கரும் அலுவலகத்தின் ஆளே என்றால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது.

இதில் பிரவுசரில் தட்டிய மனிதருக்குப் பெரிய நஷ்டம் இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். "சர்வர் கண்டுபிடிக்கப்படவில்லை" என்ற மொட்டைப் பக்கத்தைவிட ஒரு தேடுபெட்டி பலருக்கு உதவியாகக்கூட இருந்திருக்கும். வெரிசைனும் இதைத்தான் சொன்னது. ஆனால் டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்பது பிரவுசர் மட்டுமா? மெயில் சர்வர் கேட்கிறது, ஸ்பேம் வடிகட்டி கேட்கிறது, இணைப்புகளைச் சரிபார்க்கும் நிரல்கள் கேட்கின்றன, யாரோ ஒரு சிஸ்டம் அட்மின் 1998இல் எழுதிவைத்து மறந்துபோன ஸ்கிரிப்ட் கேட்கிறது. இவை எதற்கும் கண் கிடையாது. விளம்பரத்தைப் பார்த்து 'ஓ, தப்பாக வந்துவிட்டோம்' என்று புரிந்துகொள்ளாது. "இல்லை" என்ற பதிலை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கும், அந்தப் பதிலைத்தான் இவர்கள் எடுத்துவிட்டார்கள்.

மெயிலில்தான் அடி பலமாக விழுந்தது. அதுவரை, பெறுநர் முகவரியில் டொமைன் பெயர் ஓர் எழுத்து மாறி, அப்படி ஒரு பெயர் பதிவாகாமல் இருந்தால், அனுப்புபவருடைய சர்வரே அப்படிப் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டு உடனே திருப்பிவிடும். மெயில் வீட்டை விட்டே வெளியே போகாது. செப்டம்பர் 15க்குப் பிறகு அந்தத் தப்பான பெயருக்கும் ஓர் எண் கிடைத்தது, சர்வர் நேராக வெரிசைன் இயந்திரத்தின் கதவைத் தட்டியது. அங்கே மெயிலை மறுப்பதற்கென்றே ஒரு நிரலை உட்காரவைத்திருந்தார்கள், பெயர் ஸ்னபி. (பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது, வேலை அந்த அளவுக்கு இல்லை.) எதிர்ப்பக்கம் என்ன சொல்கிறது என்பதைக் காதில் வாங்காமல், மனப்பாடம் செய்த பதில்களை வரிசையாக ஒப்பிப்பதுதான் அது செய்தது. எதிர்ப்பக்கம் வழக்கமான வரிசையில் பேசினால் சரி, கொஞ்சம் மாற்றிப் பேசினால் கேள்வி ஒன்று பதில் வேறொன்று என்று ஆகிவிடும். பிறகு அதை எடுத்துவிட்டு ஒழுங்கான மெயில் மென்பொருளை வைத்தார்கள். அப்போதும், யார் யாருக்கு எழுதுகிறார் என்ற விவரம் ஒரு மூன்றாம் நிறுவனத்தின் வாசல்வரை போய்த் திரும்பியது. சேமித்தார்களா இல்லையா என்பது இருக்கட்டும், போக வேண்டிய அவசியமே இல்லாத இடம் அது.

இன்னொன்று இதைவிடக் கள்ளமானது. சில நிறுவனங்கள் தங்கள் மெயில் சர்வர்களின் பட்டியலில் கவனக்குறைவாகத் தப்பான பெயர் ஒன்றை முதலில் எழுதி, இரண்டாவதாக சரியான பெயரை வைத்திருக்கும். முதல் பெயர் இல்லை என்றதும் அனுப்பும் சர்வர் தானாக இரண்டாவதுக்குப் போகும், மெயில் வந்து சேரும், யாருக்கும் பிழை தெரியாது. வருடக்கணக்கில் இப்படியே ஓடியிருக்கும். இப்போது முதல் பெயரும் உயிர் பெற்றுவிட்டது, போய்த் தட்டினால் ஸ்னபி மறுக்கிறது, நிரந்தர மறுப்பு என்பதால் மெயில் திரும்பிவிடுகிறது. நேற்றுவரை வந்த மெயில் இன்று ஏன் வரவில்லை என்று அந்த நிறுவனத்தின் அட்மின் தன் பக்கத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் அவர் எதையும் மாற்றவில்லை.

ஸ்பேம் வடிகட்டிகள் கதையும் இதேதான். அனுப்புநர் டொமைன் உண்மையில் இருக்கிறதா என்று பார்ப்பது அன்றைக்கு எளிமையான, மலிவான சோதனை. ஸ்பேம் அனுப்புபவர்கள் வாய்க்கு வந்த பெயரை டாட் காம் என்று முடித்து அனுப்புவார்கள், வடிகட்டி தூக்கிப் போடும். ஒரே இரவில் எல்லாக் கற்பனைப் பெயரும் நிஜமாகிவிட்டது. உடனே பலர் தங்கள் வடிகட்டியில் "பதில் 64.94.110.11 என்று வந்தால் அது இல்லை என்றே அர்த்தம்" என்று ஒரு விதி எழுதினார்கள். வெரிசைன் நாளை அந்த எண்ணை மாற்றினால்? அந்த எண் பின்னாளில் வேறு யாருக்காவது போனால்? ஒட்டுக்கு மேல் ஒட்டு.

இணையத்தின் கட்டமைப்பைக் கவனிக்கும் ஐஏபி வாரியம் செப்டம்பர் 19 அன்று வெளியிட்ட குறிப்பில் இப்படிப்பட்ட பாதிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னது. அதில் எனக்கு நெருக்கமாகப் பட்டது மொழி பற்றியது. பெயர் கிடைக்கவில்லை என்றால் பிரவுசர் தன் மொழியில், பயனருக்குப் புரியும் மொழியில் பிழைச் செய்தி காட்டும். சைட் ஃபைண்டர் அந்த இடத்தில் ஆங்கிலப் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தது. ஜப்பானிலோ பிரேசிலிலோ ஒருவர் தன் மொழியில் அமைத்துவைத்த கணினியில் எழுத்துப் பிழை செய்தால், அவருக்குப் புரியாத மொழியில் ஒரு விளம்பரப் பக்கம். டேட்டா அளவுக்குக் காசு கட்டுபவர் என்றால் அந்தப் பக்கம் இறங்குவதற்கும் அவரே காசு கட்ட வேண்டும். போதாததற்கு, பார்வையாளரைக் கணக்கெடுக்க ஆம்னிச்சர் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாத படம் ஒன்றும் அந்தப் பக்கத்தில் இருந்தது. பயன்பாட்டு விதிமுறைகளும் இருந்தன! இந்தச் சேவையைப் பயன்படுத்தினால் விதிகளை ஏற்றதாக அர்த்தமாம். எழுத்துப் பிழை செய்வதை எப்படி ஐயா நிறுத்துவது?

எதிர்வினை வேகமாக வந்தது. டிஎன்எஸ் சர்வர்களில் பரவலாக ஓடும் பைண்ட் மென்பொருளை எழுதும் இன்டர்நெட் சாப்ட்வேர் கன்சார்டியம், இரண்டே நாளில் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. டாட் காம் பதிவேட்டின் வேலை வழிகாட்டுவது மட்டும்தான், அது நேரடியாக ஓர் எண்ணைப் பதிலாகக் கொடுத்தால் அதை நம்பாதே, "இல்லை" என்றே எடுத்துக்கொள் என்று சர்வருக்குச் சொல்லும் வசதி அது. இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் பல அதைப் போட்டன, சிலர் அந்த எண்ணையே தடுத்துவிட்டார்கள். அதாவது ஒரே பெயரைக் கேட்டால் ஓர் ஊரில் ஒரு பதில், பக்கத்து ஊரில் வேறு பதில். டிஎன்எஸ்ஸின் அழகே எங்கே கேட்டாலும் ஒரே பதில் என்பதுதான். மருந்தும் நோயோடு சேர்ந்து அதைக் கெடுத்தது.

டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐக்கான் முதலில் செப்டம்பர் 19 அன்று, நீங்களாகவே நிறுத்தி வையுங்கள் என்று கேட்டது. வெரிசைன் மறுத்தது. அக்டோபர் 3 அன்று ஐக்கான் குரலை மாற்றி, மறுநாள் மாலைக்குள் எடுக்காவிட்டால் ஒப்பந்தப்படி நடவடிக்கை என்று எழுதியது. அக்டோபர் 4 அன்று நட்சத்திரக் குறி போனது. 19 நாள்.

வெரிசைனின் வாதத்தில் ஒன்றை மட்டும் நான் லேசில் தள்ள மாட்டேன். அன்றைக்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் தப்பான முகவரி தட்டினால் மைக்ரோசாப்டின் எம்எஸ்என் தேடல் பக்கத்துக்குத்தான் போவார்கள், அங்கேயும் விளம்பரம் உண்டு. பயனரின் எழுத்துப் பிழையில் மைக்ரோசாப்ட் சம்பாதிக்கலாம், நாங்கள் கூடாதா என்பது அவர்கள் மனக்குறை. டாட் மியூசியம் போன்ற சில சின்னப் பதிவேடுகளில் ஏற்கெனவே வைல்டுகார்டு இருந்ததும் உண்மை. ஆனால் பிரவுசர் செய்யும்போது டிஎன்எஸ் "இல்லை" என்று சொல்லி முடித்த பிறகு, மனிதர் பார்க்கும் கடைசி இடத்தில் விளம்பரம் வருகிறது. பிடிக்காவிட்டால் அமைப்பில் போய் அணைக்கலாம், வேறு பிரவுசருக்கு மாறலாம். மெயில் சர்வருக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. வெரிசைன் கை வைத்தது ஊற்றில். குழாயடியில் ஒருவன் சர்பத் கடை போடுவதும், நீர்த்தேக்கத்திலேயே சர்க்கரையைக் கொட்டுவதும் ஒன்றா?

பிறகு நீதிமன்றம். தப்பான முகவரிகளையே நம்பி வேறு தேடல் சேவை நடத்திவந்த ஒரு நிறுவனம் சைட் ஃபைண்டர் வந்த அதே வாரத்தில் வெரிசைன் மீது 10 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. (எழுத்துப் பிழைக்கு இத்தனை பங்காளிகள்.) 2004 பிப்ரவரியில் வெரிசைன் ஐக்கான் மீதே வழக்குப் போட்டது, எங்கள் புதிய சேவைகளைத் தடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று. அந்த ஆண்டு ஜூலையில் ஐக்கானின் பாதுகாப்புக் குழு, ஸ்டீவ் க்ராக்கர் தலைமையில், முழு அறிக்கை வெளியிட்டது: இனி எந்தப் பதிவேட்டிலும் புதிதாக வைல்டுகார்டு வேண்டாம், இருப்பதையும் படிப்படியாக எடுங்கள். பின்னால் வந்த புதிய டாப் லெவல் பெயர்களின் (டாட் காம் மாதிரி முகவரியின் கடைசியில் வருபவை) ஒப்பந்தங்களில் வைல்டுகார்டு தடை எழுத்திலேயே வந்துவிட்டது.

வழக்கு எப்படி முடிந்தது என்பதுதான் வேடிக்கை. 2005இல் சமரசம் பேசி 2006இல் புது டாட் காம் ஒப்பந்தம். பதிவேடு வெரிசைனிடமே இருக்கும், பெரிய தவறு செய்தாலொழிய தானாகப் புதுப்பிக்கப்படும், ஒரு பெயருக்கு ஆண்டுக்கு 6 டாலராக இருந்த மொத்த விற்பனை விலையை ஆறு ஆண்டுகளில் நான்கு முறை 7 சதவீதம்வரை ஏற்றிக்கொள்ளலாம். ஏற்றினார்கள். 2012இல் அது 7.85 டாலர். டாட் காம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் கட்டும் காசில் ஒரு பகுதி அது, எந்த எழுத்துப் பிழையும் செய்யத் தேவையில்லை. விளம்பரப் பக்கத்தை விட்டுக்கொடுத்தவர்கள் தோற்றார்கள் என்று யார் சொன்னது?

பதிவேட்டில் கதவு சாத்தியதும் அதே யோசனை ஒரு படி கீழே இறங்கியது, இணைய இணைப்பு தரும் நிறுவனங்களிடம். நம்மூரிலும் பார்த்திருப்பீர்கள், நான் பல வருடம் வைத்திருந்த ஒரு இணைப்பில் முகவரியில் ஓர் எழுத்து மாறினால் போதும், சம்பந்தமே இல்லாத விளம்பரங்களோடு ஒரு தேடல் பக்கம் வந்து நிற்கும். வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் மோடத்தை அணைத்துப் போடச் சொல்வார்கள்.

அமெரிக்காவில் எர்த்லிங்க் என்ற இணைப்பு நிறுவனம் 2006இல் இதை பேர்ஃப்ரூட் என்ற விளம்பர நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. இதில் டான் கமின்ஸ்கி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் 2008 ஏப்ரலில் ஒரு பெரிய ஓட்டையைக் காட்டினார். இல்லாத டொமைன்களுக்கு மட்டுமல்ல, உண்மையான டொமைன்களின் இல்லாத கிளைப் பெயர்களுக்கும் பேர்ஃப்ரூட் பக்கம் வந்தது. ஒரு பெரிய தளத்தின் பெயருக்கு முன்னால் நீங்கள் என்னவாவது சேர்த்துத் தட்டினால், அப்படிக் கிளை கிடையாது என்று அந்தத் தளம் சொல்லிய பிறகும், விளம்பர சர்வர் அந்தப் பெயரிலேயே வந்து நிற்கும். பிரவுசரைப் பொறுத்தவரை அது அந்தப் பெரிய தளத்தின் ஒரு பகுதி, உங்களை அடையாளம் காண அந்தத் தளம் பிரவுசரில் வைத்திருக்கும் குக்கிகளில் சிலவற்றையும் நம்பி அனுப்பும். அந்த விளம்பர சர்வரில் ஒரு சாதாரண ஸ்கிரிப்டிங் ஓட்டை இருந்தது. அதன் வழியாக நுழைந்தால், உலகின் மிகப் பாதுகாப்பான தளத்தின் பெயரில் உங்கள் ஸ்கிரிப்டை ஓட்டலாம். அந்தப் பெரிய தளங்கள் தங்கள் பக்கத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. பேர்ஃப்ரூட் ஓட்டையைச் சீக்கிரமே அடைத்துவிட்டது. ஆனால் ஒரு தளத்தின் பாதுகாப்பு, அதற்குத் தெரியாமலேயே, யாரோ ஒரு விளம்பர நிறுவனத்தின் நிரலாளர் கையில் இருந்தது என்பதுதான் இதில் பயங்கரம்.

காம்காஸ்ட் என்ற இன்னொரு அமெரிக்க இணைப்பு நிறுவனமும் 2009இல் இதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தது. 2012 ஜனவரியில் எடுத்துவிட்டது, காரணம் நல்ல மனசு மட்டுமல்ல. டிஎன்எஸ் பதிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும் டிஎன்எஸ்செக் முறைக்கு அவர்கள் மாறினார்கள். அதில் "இல்லை" என்பதற்கும் கையெழுத்து உண்டு. நடுவில் ஒருவர் அதை மாற்றிச் சொன்னால் பொய் என்று தெரிந்துவிடும். டிஎன்எஸ்செக்கும் விளம்பரப் பக்கமும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியாது.

சரி, நண்பரின் 404 பக்கத்துக்கு வருவோம். அவர் கேட்டது வெரிசைன் விவகாரம் இல்லை. அவர் தளம், அவர் சர்வர், அவர் பக்கம், அங்கே என்ன வைப்பது என்பது அவர் உரிமை, யாருடைய பதிலையும் அவர் மறிக்கவில்லை. அவருக்குச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, தளங்களில் கூகுள் விளம்பரம் காட்டும் ஆட்சென்ஸ் சேவையின் விதிகளின்படி உள்ளடக்கம் இல்லாத பக்கங்களில், பிழைப் பக்கம், லாகின் பக்கம், நன்றி சொல்லும் பக்கம் இதிலெல்லாம், கூகுளின் விளம்பரங்களை வைக்கக் கூடாது. எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட்டில் விளம்பரக் குறிமுறையை ஒட்டிவிட்டால் 404 பக்கத்திலும் அது தானாக வந்துவிடும், பலர் மாட்டுவது இப்படித்தான். நண்பருடையதைத் திறந்து பார்த்தால், கேட்பதற்கு முன்பே அங்கே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது!

இரண்டாவது, இதுதான் சைட் ஃபைண்டரின் சின்னத் தம்பி. காணாத பக்கத்துக்கு வருபவரை விளம்பரம் உள்ள வேறு பக்கத்துக்குத் திருப்பிவிட, தளத்தோடு சேர்க்கும் பல பிளக்இன் நிரல்கள், பக்கம் இல்லை என்று சொல்லும் 404 என்ற எண்ணுக்குப் பதிலாக 200 என்று, அதாவது எல்லாம் சரி என்று, பதில் கொடுத்துவிடும். பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. தேடுபொறிக்கு, அழிந்துபோன ஒவ்வொரு பக்கமும் உயிரோடு இருப்பதாகத் தோன்றும். கூகுள் இதை சாஃப்ட் 404 என்கிறது, கண்டுபிடித்தால் பட்டியலிலிருந்து தள்ளிவிடும். விளம்பரம் வைப்பதாக இருந்தாலும் வைக்காவிட்டாலும் எண் 404 ஆகவே போக வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

பிழைப் பக்கத்தில் அறிவிப்பே கூடாது என்பதல்ல. 2012இல் ஐரோப்பாவில் நாட் ஃபவுண்ட் என்று ஒரு முயற்சி தொடங்கியது. காணாமல் போன குழந்தைகளுக்காக இயங்கும் அமைப்புகள் தளங்களுக்கு ஒரு சிறு குறிமுறையைக் கொடுத்தன. அதை 404 பக்கத்தில் வைத்தால் "இந்தப் பக்கம் காணவில்லை, இந்தக் குழந்தையும்தான்" என்ற பொருளில் ஒரு குழந்தையின் படமும் விவரமும் வரும். வந்தவரின் பிழையை மறைக்கவில்லை, பக்கம் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகுதான் தன் செய்தியைச் சொல்கிறது. நான் பார்த்த பிழைப் பக்க விளம்பரங்களில் அந்த இடத்தைப் புரிந்துகொண்டு செய்தது அது ஒன்றுதான்.

நண்பர் ஆட்சென்ஸ் குறிமுறையை எடுத்தார். அப்புறம் இருவரும் உட்கார்ந்து சர்வர் பதிவுகளைப் பார்த்தோம், அந்த "நிறையப் பேர்" எங்கிருந்துதான் வருகிறார்கள் என்று. பெரும்பாலும் ஒரே முகவரி. தளத்தை மாற்றியபோது வத்தக்குழம்புக் குறிப்பின் முகவரி மாறியிருக்கிறது, பழைய இணைப்பு எங்கெங்கோ பகிரப்பட்டு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதைப் புது முகவரிக்குத் திருப்பிவிட ஒரு வரி போதுமானதாக இருந்தது. இப்போது அவருடைய 404 பக்கத்துக்கு ஆளே வருவதில்லை, வத்தக்குழம்புப் பக்கத்தில் விளம்பரம் ஓடுகிறது.